மதிய வெயிலில் கீச்சிடும் டேஷ்போர்டு

காட்பாடியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "ஆறு ஆண்டுகள் ஓடிய என் காரின் டேஷ்போர்டு காலையில் அமைதியாக இருக்கிறது. மதியம் வெயிலில் நிறுத்திவிட்டு எடுத்தால், வேகத்தடையில் ஏறும்போதெல்லாம் கீச்சிடுகிறது. பழுது பார்க்கும் இடத்தில் டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும் என்கிறார்கள். வீட்டில் திருஷ்டி கழிக்கச் சொல்கிறார்கள். நானே சரிசெய்ய முடியுமா?"

முடியும். சத்தம் எப்போது வருகிறது, எங்கே வருகிறது என்பதை இவ்வளவு கவனமாகக் குறித்து வைத்திருப்பவர் பாதி வேலையை முடித்துவிட்டார் என்றே சொல்வேன்.

டேஷ்போர்டில் எழும் சத்தங்கள் இரண்டு வகை. 'கடகட' என்பது மோதல்: இரண்டு பாகங்களுக்கு நடுவே இடைவெளி இருக்கிறது, குலுங்கும்போது ஒன்றை ஒன்று தட்டுகிறது. 'கீச்' என்பது உரசல்: இரண்டு பாகங்களும் ஒட்டியே இருக்கின்றன, ஆனால் ஒன்றன்மீது ஒன்று நகர்கின்றன. முதல் வகையில் ஒத்ததிர்வுக்கும் பங்கு உண்டு. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று என நின்ற இடத்தில் ஓடும்போது வினாடிக்கு ஏறத்தாழ 27 முறை எரிபொருள் எரிகிறது. அந்த எண்ணுக்கு அருகில் தன் இயல்பு அதிர்வெண்ணைக் கொண்ட ஏதேனும் ஒரு மூடி இருந்தால் அது மட்டும் நடுங்கும், ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்ததும் அடங்கிவிடும். பள்ளியில் படித்ததுதான் என்பதால் இதை இத்துடன் விட்டுவிடலாம். வாசகரின் சிக்கல் இரண்டாம் வகை.

மதியத்தில் மட்டும் ஏன் என்ற கேள்விக்கு வேலூர் வெயிலே விடை. சித்திரை, வைகாசியில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், கண்ணாடிக்கு அடியில் கிடக்கும் டேஷ்போர்டின் மேற்பரப்பு 70 டிகிரியைத் தொடுவது அரிதல்ல. டேஷ்போர்டின் பெரும்பகுதி பாலிபுரொப்பிலீன் போன்ற பிளாஸ்டிக்; அதைத் தாங்குவதோ பின்னால் குறுக்கே ஓடும் எஃகுக் குழாய். ஒரு டிகிரி சூடேறினால் ஒரு மீட்டர் எஃகு ஏறத்தாழ 0.012 மில்லிமீட்டர் நீளும். இந்தப் பிளாஸ்டிக் அதைப்போல ஐந்தாறு மடங்கு நீளும். 1.3 மீட்டர் அகலமுள்ள டேஷ்போர்டு 30 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குப் போனால், எஃகைவிட அது இரண்டரை முதல் மூன்று மில்லிமீட்டர் வரை கூடுதலாக விரிந்திருக்கும். இதை அறிந்துதான் வடிவமைப்பாளர்கள் திருகுத் துளைகளை நீள்வட்டமாக வைத்து, கிளிப்புகளுக்குச் சிறிது நகர இடம் விடுகிறார்கள். காலையில் இடைவெளியுடன் இருந்த இரண்டு விளிம்புகள் மதியத்தில் ஒன்றையொன்று நெருக்கி அழுத்துகின்றன. ஆண்டுக்கணக்கான வெப்பத்தில் கிளிப்பின் பிடி தளர்ந்து, நடுவில் வைத்த ஸ்பாஞ்சும் பொடிந்துபோனால், காப்பு எதுவும் இல்லாமல் பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் நேராக உரசத் தொடங்குகின்றன.

உரசினால் சத்தம் வந்தே ஆக வேண்டும் என்பதில்லை. கைகளைத் தேய்த்துக்கொண்டால் கீச்சிடுவதில்லை. உராய்வு அதிகம் என்பதால் சத்தம் வருகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையான காரணம் வேறு, அது எனக்கு இயற்பியலின் மிக அழகான செய்திகளில் ஒன்றாகத் தோன்றுகிறது.

நின்றிருக்கும் பொருளை நகர்த்தத் தேவையான விசை, நகரத் தொடங்கிய பொருளைத் தொடர்ந்து நகர்த்தத் தேவையான விசையைவிடப் பெரும்பாலும் அதிகம். நிலை உராய்வு, இயக்க உராய்வு என்று இவற்றைப் படித்திருப்போம். எவ்வளவு வழவழப்பான பரப்பும் நுண்ணிய அளவில் மேடு பள்ளமானது என்பதால், இரண்டு பரப்புகள் உண்மையில் தொட்டுக்கொள்வது மேடுகளின் உச்சிகளில் மட்டுமே. அசையாமல் நிற்கும்போது அந்த உச்சிகள் சுமையின்கீழ் மெல்ல மெல்ல அமுங்கி அகலமாகின்றன. தொடும் பரப்பு கூடக் கூடப் பிடியும் இறுகுகிறது. அந்த இறுக்கம் ஒரே சீராக வளர்வதில்லை. முதல் வினாடியிலிருந்து பத்தாவது வினாடிக்குள் எவ்வளவு கூடுகிறதோ, ஏறத்தாழ அதே அளவுதான் பத்திலிருந்து நூறாவது வினாடிக்குள்ளும் கூடுகிறது. வெறுமனே நின்றிருந்த நேரத்தின் அளவை இரண்டு பரப்புகளும் தம் தொடுபுள்ளிகளில் பதித்து வைத்திருக்கின்றன என்பதை முதன்முதலில் படித்தபோது ஏற்பட்ட வியப்பு எனக்கு இன்னும் தணியவில்லை.

இப்போது வேகத்தடையில் கார் சற்றுச் சாய்வாக ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சக்கரம் முன்னதாக உயர, கார் உடல் மிகச் சிறிதளவு முறுக்கிக்கொள்கிறது. டேஷ்போர்டின் ஒரு விளிம்பு அதனுடன் போக முயல, அதை ஒட்டிய மற்றொரு விளிம்பு பிடித்து நிறுத்துகிறது. பிளாஸ்டிக் வில்லைப்போல் வளைந்து விசையைச் சேர்க்கிறது. அந்த விசை நிலை உராய்வை வென்ற கணத்தில் பிடி விடுகிறது. உராய்வு சட்டெனக் குறைவதால் விளிம்பு தேவைக்கு மேல் நழுவி ஓடி, விசை தீர்ந்து, மீண்டும் ஒட்டிக்கொள்கிறது. இந்த ஒட்டி நழுவும் சுழற்சி வினாடிக்கு நூற்றுக்கணக்கான முறை நிகழும்போது அகன்ற பிளாஸ்டிக் பரப்பு முழுதும் அதிர்ந்து, நம் காதில் கீச்சொலியாக விழுகிறது. வயலின் இசைப்பதும் இதே முறையில்தான்: வினாடிக்கு 300 முறை அதிரும் கம்பி, வில்லில் 300 முறை ஒட்டி 300 முறை நழுவுகிறது. பாறைப் பிளவுகளில் நிலநடுக்கம் தோன்றுவதும் இப்படித்தான் என்ற கருத்தை 1966ஆம் ஆண்டு பிரேஸ், பையர்லி என்ற இரு அறிவியலாளர்கள் முன்வைத்தார்கள். 2021 நவம்பர் இறுதியில் வேலூர்ப் பகுதியில் உணரப்பட்ட நிலஅதிர்வை நினைவில் வைத்திருப்பவர்கள், அதன் அடிப்படை இயக்கத்தின் சிறு மாதிரி ஒன்று தங்கள் காருக்குள்ளேயே இருப்பதை எண்ணிப் பார்க்கலாம்.

அதே 1966இல் பிரிட்டனில் வெளியான ஜோஸ்ட் அறிக்கை, உராய்வையும் தேய்மானத்தையும் முறையாகக் கையாண்டால் அந்த நாடு ஆண்டுக்கு 51.5 கோடி பவுண்டு மிச்சப்படுத்தலாம் என்று கணக்கிட்டது. பெரிய தொலைநோக்கிக்கும் ராக்கெட்டுக்கும் பணம் ஒதுக்குவதை நான் மனமார வரவேற்கிறேன். உராய்வு ஆய்வுக்கும் நம் மாவட்டக் கல்லூரி ஆய்வகங்கள் வரை நிதி வந்து சேர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆக, உராய்வைக் குறைப்பதைவிட முக்கியமானது நிலை உராய்வுக்கும் இயக்க உராய்வுக்கும் இடையிலான வேறுபாட்டை அழிப்பது. கம்பளித் துணி போன்ற ஃபெல்ட் டேப் இதற்கு மிகப் பொருத்தமானது. அதன் இழைகள் வளைந்து கொடுப்பதால், அரை மில்லிமீட்டர் நகர்வை நழுவாமலேயே உள்வாங்கிக்கொள்ளும். தேங்காய் எண்ணெயோ எஞ்சின் ஆயிலோ விட வேண்டாம். சில நாள் அமைதியாக இருந்துவிட்டுப் பின்னர் தூசியோடு சேர்ந்து பிசினாகும். சில வகைப் பிளாஸ்டிக்குகளில் விரிசலும் ஏற்படுத்தும்.

சத்தம் மதியத்தில் வருகிறது என்பதால் தேடலையும் மதியத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். முதலில் டேஷ்போர்டில் ஒட்டிய சாமி சிலை, கண்ணாடியில் தொங்கும் மாலை, கிளவ் பாக்ஸில் கிடக்கும் சாவி, சில்லறை அனைத்தையும் எடுத்துவிடுங்கள். திருஷ்டிக்காகக் கட்டுபவற்றில் எனக்கு நம்பிக்கை இல்லை. நம்பிக்கை உள்ளவர்களும் சோதனை முடியும்வரை கழற்றி வைக்கத்தான் வேண்டும், ஏனெனில் அவையும் அசைந்து ஒலி எழுப்பும். பிறகு வேறொருவரை ஓட்டச் சொல்லிவிட்டு, நீங்கள் பக்கத்து இருக்கையில் அமர்ந்து, வேகத்தடையில் ஏறும்போது ஒவ்வோர் இடமாக உள்ளங்கையால் அழுத்துங்கள். எங்கே அழுத்தும்போது சத்தம் நிற்கிறதோ அதற்கு ஒரு சாண் தொலைவுக்குள்தான் மூலம் இருக்கும். ஏசி காற்றுவாயின் சட்டம், கிளவ் பாக்ஸின் கீல், முன்கண்ணாடியின் அடிவிளிம்பு ஆகியவற்றை முதலில் பாருங்கள். நீங்களே ஓட்டிக்கொண்டு இதைச் செய்யாதீர்கள்.

இடம் தெரிந்ததும் வண்டியை நிழலில் நிறுத்தி, பேட்டரியின் மைனஸ் இணைப்பைக் கழற்றி, உங்கள் காரின் கையேடு சொல்லும் நேரம்வரை காத்திருங்கள். ஏர்பேக் உள்ள பலகைகளையும் மஞ்சள் நிற ஒயர் இணைப்புகளையும் தொடவே கூடாது; அங்கிருந்துதான் சத்தம் என்றால் அந்த வேலை பயிற்சி பெற்றவருக்கே உரியது. மற்ற மூடிகளைப் பிளாஸ்டிக் நெம்பியால், கிளிப்புக்கு மிக அருகில் பிடித்து நேராக இழுத்தால் கழன்றுவரும். தொட்டு உரசிய இடம் பளபளப்பாகவோ வெண்கோடாகவோ தெரியும். அங்கே தூசியைத் துடைத்து, ஒரு பக்கத்தில் மட்டும் ஃபெல்ட் டேப்பை ஒட்டுங்கள். தளர்ந்த கிளிப்பை மாற்றிவிடுங்கள். விரிவதற்காக விட்ட நீள்துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள், அடைத்தால் அடுத்த கோடையில் பலகை நடுவில் புடைக்கும்.

மறுநாள் மதியமே அதே வேகத்தடையில் ஏறிப் பாருங்கள். பெரிய கீச்சொலி அடங்கியதும், அதுவரை அதில் மறைந்திருந்த மெல்லிய சத்தம் ஒன்று புதிதாகக் கேட்கக்கூடும். அதற்கும் இதே உள்ளங்கை, இதே டேப்தான்.