சிக்னல் எரிகிறது என்பதற்கு எது சாட்சி?

ஓடும் ரயிலை நிறுத்துவது எளிதான செயல் அன்று. எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தின்மீது உருளும்போது உராய்வு மிகக் குறைவாக இருப்பதால்தான் ஓர் எஞ்சினால் ஆயிரக்கணக்கான டன் சுமையை இழுத்துச் செல்ல முடிகிறது. அதே காரணத்தால், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கனமான ரயில், பிரேக் பிடித்த பின்னும் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தூரம் ஓடித்தான் நிற்கக்கூடும். முன்னால் இருக்கும் தடையைக் கண்ணால் கண்ட பிறகு நிறுத்திக்கொள்ளலாம் என்று ஓட்டுநர் காத்திருக்க இயலாது. பாதையோரச் சிக்னல் காட்டும் நிறத்தை நம்பியே அவர் வண்டியைச் செலுத்துகிறார். எனவே ஒரு சிக்னல் எவ்வளவு பிரகாசமாக எரிகிறது என்று கேட்பதற்கு முன்னால், அது பழுதுபட்டால் என்ன காட்டும் என்று கேட்டாக வேண்டும். இழை பல்புகளை அகற்றி எல்இடி விளக்குகளைப் பொருத்தும் பணி வெளிப்பார்வைக்கு வெறும் பல்பு மாற்றும் வேலையாகத் தோன்றினாலும், பொறியாளர்களை அதிகம் உழைக்க வைத்தது இந்த இரண்டாவது கேள்விதான்.

இக்கேள்வியின் முக்கியத்துவத்தை ரயில்வே உலகம் விபத்துகளின் வழியாகவே கற்றுக்கொண்டது. 1840-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பயன்பாட்டுக்கு வந்த கைகாட்டி சிக்னல், கேபினில் உள்ள நெம்புகோலுடன் நீண்ட கம்பியால் இணைக்கப்பட்டிருந்தது. 1876 ஜனவரியில் அபட்ஸ் ரிப்டன் என்னுமிடத்தில் கடும் பனிப்பொழிவின்போது, கைகாட்டியின் கை 'போகலாம்' நிலையிலேயே பனியில் உறைந்து நின்றுவிட்டது. நெம்புகோலைத் திருப்பிய பணியாளர் சிக்னல் 'நில்' காட்டுகிறது என்று நம்பியிருக்க, விரைவு ரயில் ஒன்று முன்னால் இருந்த நிலக்கரி ரயிலின்மீது மோதியது. அந்த இடிபாடுகளின்மீது மற்றொரு விரைவு ரயிலும் வந்து மோதியது. அதுவரை 'போகலாம்' என்பதே சிக்னல்களின் இயல்பு நிலையாக இருந்தது. இந்த விபத்துக்குப் பிறகு 'நில்' என்பது இயல்பு நிலையாக்கப்பட்டு, ரயில் வரும்போது மட்டும் வழிவிடும் முறை நிலைபெற்றது. கம்பி அறுந்தால் கை தானாகவே 'நில்' நிலைக்குத் திரும்பும்படி எடையை அமைப்பதும் இதே சிந்தனையின் பாற்பட்டதாகும்.

நிறங்களிலும் இத்தகைய பாடம் ஒன்று உண்டு. தொடக்க காலத்தில் இரவில் வெள்ளை ஒளி 'போகலாம்' என்பதைக் குறித்தது. சிவப்புக் கண்ணாடி உடைந்து விழுந்தால் உள்ளிருக்கும் விளக்கின் வெள்ளை ஒளியே வெளியே தெரியும் என்பதாலும், பாதையோரத்து வேறு விளக்குகளை ஓட்டுநர் சிக்னலாகக் கொள்ள நேரும் என்பதாலும், 'போகலாம்' என்பதற்குப் பச்சை வந்து சேர்ந்தது. கைகாட்டியில் எரிந்த மண்ணெண்ணெய் விளக்கின் சுடர் மஞ்சள் சாயல் கொண்டது ஆகையால், அதன்முன் வைக்கப்பட்ட 'பச்சை' கண்ணாடி உண்மையில் நீலம் கலந்ததாக இருந்தது; சுடரின் ஒளி அதன் ஊடே வரும்போதுதான் பார்ப்பவர் கண்ணுக்குச் சரியான பச்சையாகத் தெரியும்.

மின்சார பல்பு வந்ததும் அசையும் கையே தேவையற்றுப் போயிற்று. பகலிலும் தெரியுமளவு வலிமையான ஒளியை லென்ஸ்கள் மூலம் ஒரு குறுகிய கற்றையாக்கி ஓட்டுநரின் பார்வைக்கோட்டில் செலுத்தினால் போதும் என்பதால், அந்த பல்புகள் பெரியனவாக இருக்க வேண்டியதில்லை. பல ரயில்வேக்களில் பயன்பட்ட ஒரு வகை 12 வோல்ட்டில் 24 வாட் மின்திறன் கொண்டது. அதாவது அது 2 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். ஆனால் அந்த மின்சாரத்தின் பெரும்பகுதி வெப்பமாகவே வீணாகும். எஞ்சும் வெண்ணொளியிலும் வேண்டாத நிறங்களையெல்லாம் வண்ணக் கண்ணாடி உறிஞ்சிவிடும். இழை மெலிந்து அறுவதைத் தள்ளிப்போட, பல்பைக் குறிக்கப்பட்ட வோல்ட்டுக்குக் குறைவாகவே எரிப்பது வழக்கம். மின்னழுத்தத்தைப் பத்து சதவீதம் குறைத்தால் ஒளி ஏறத்தாழ முப்பது சதவீதம் குறையும். ஆயுளோ மூன்று நான்கு மடங்கு கூடும். இதற்கும் மேலாக, ஒன்று அறுந்தால் மற்றொன்று எரியும்படி ஒரே பல்பில் இரண்டு இழைகளை வைத்தார்கள்.

எல்இடி இயங்கும் முறை இதிலிருந்து அடியோடு வேறானது. இரண்டு வகைக் குறைகடத்திகள் சந்திக்கும் இடத்தில் எலெக்ட்ரான் ஒன்று காலியிடம் ஒன்றை நிரப்பும்போது, விடுபடும் ஆற்றல் ஒளியாக வெளிப்படுகிறது. அந்த ஆற்றலின் அளவைப் பொருளின் தன்மையே தீர்மானிக்கிறது என்பதால் நிறமும் பிறப்பிலேயே அமைந்துவிடுகிறது. வண்ணக் கண்ணாடிக்கு அங்கே வேலையில்லை. நிக் ஹோலோன்யாக் 1962-இல் சிவப்பு எல்இடியை உருவாக்கிக் காட்டினார் எனினும், சிக்னலுக்குத் தேவையான வலிமையான பச்சை ஒளிக்கு 1990-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நீல எல்இடிக்காக அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அவர்கள் வசப்படுத்திய காலியம் நைட்ரைடு குடும்பத்துப் பொருளிலிருந்தே பிரகாசமான பச்சையும் பிறந்தது.

வண்ணக் கண்ணாடி போனதால் வந்த நன்மை மின்சாரச் சேமிப்போடு நின்றுவிடவில்லை. பழைய விளக்குகளில் காலையிலோ மாலையிலோ தாழ்ந்த சூரியனின் ஒளி நேராக உள்ளே புகுந்து, எதிரொளித்து, வண்ணக் கண்ணாடி வழியாக வெளியே வரும்போது, அணைந்திருக்கும் விளக்கு எரிவதுபோல் தோன்றும். எரியாத பச்சை எரிவதாகத் தெரிவதைவிட ஆபத்தான பொய் சிக்னலுக்கு வேறில்லை. எல்இடி விளக்கின் முகப்பு நிறமற்றதாக இருக்கலாம் என்பதால், அதில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளி நிறம் பெறுவதில்லை. மறுபுறம், பழைய பல்பு வீணாக்கிய வெப்பமே குளிர்நாடுகளில் லென்ஸின்மேல் படியும் பனியை உருக்கி வந்தது. எல்இடியின் முகப்பு குளிர்ந்தே இருப்பதால், அங்கே சூடேற்றும் கம்பியைத் தனியாகப் பொருத்தவோ பனி படியாதபடி முகப்பை வடிவமைக்கவோ வேண்டியுள்ளது.

உண்மையான சிக்கல் தொடங்குவது மின்கம்பியின் மறுமுனையில். விளக்கு எரியாத சிக்னலைக் கண்டால் அதை 'நில்' என்றே ஓட்டுநர் கொள்ள வேண்டும் என்பது விதி. ஆனால் இரவில் அணைந்து கிடக்கும் சிக்னலை அவர் காணாமலே கடந்துவிடக்கூடும். ஆகையால் விளக்கு எரிகிறதா என்பதைக் கட்டுப்பாட்டு அமைப்பு தானே அறிந்துகொள்ளும் ஏற்பாடு பல்புக் காலத்திலேயே வந்துவிட்டது. பல்புக்குச் செல்லும் மின்னோட்டம் ஒரு ரிலேயின், அதாவது மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்சின், சுருள் வழியாகச் செல்லும். இழை முழுதாக இருக்கும்வரை ரிலே ஈர்த்து நிற்கும், இழை அறுந்தால் விழுந்துவிடும். சிவப்பு விளக்கின் ரிலே விழுந்தால், அதற்கு முந்தைய சிக்னல் தானாகவே சிவப்புக்கு மாறி, ரயிலை அங்கேயே நிறுத்திவிடும். இந்த ஏற்பாடு முழுவதும் ஓர் எளிய உண்மையின்மேல் நிற்கிறது: இழையில் போதிய மின்னோட்டம் ஓடினால் அது ஒளி தந்தே தீரும்.

எல்இடி விளக்கில் இந்த உண்மை செல்லுபடியாகாது. முதலாவதாக, அது இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு. பழைய ரிலே அதை உணராமல், விளக்கு நன்றாக எரியும்போதே பழுது என்று அறிவித்துவிடும். மின்தடைகளை இணைத்து, பழைய பல்பு இழுத்த அளவு மின்னோட்டத்தைச் செயற்கையாக இழுக்க வைக்கலாம். ஆனால் அப்படிச் செய்தால் மிச்சப்படுத்திய மின்சாரத்தை வெப்பமாக எரிப்பதோடு, இதைவிடப் பெரிய ஆபத்தும் உள்ளே நுழைகிறது. எல்இடிகள் செத்துவிட்ட பின்னும் மின்தடையில் மின்னோட்டம் ஓடிக்கொண்டிருந்தால், விளக்கு எரிகிறது என்றே ரிலே சாட்சி சொல்லும். எல்இடிகளுக்கு மின்சாரத்தைச் சீராக வழங்கும் மின்னணுச் சுற்றுக்கும் இது பொருந்தும். அது பழுதுபட்டு, ஒளி தராமலே மின்னோட்டத்தை விழுங்கக்கூடும்.

இதற்குக் கண்டறிந்த தீர்வுகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தமானது. எல்இடிகளின் ஊடே உண்மையில் ஓடும் மின்னோட்டத்தை விளக்கினுள்ளேயே ஒரு சுற்று இடைவிடாது கண்காணிக்கிறது; அது வேண்டிய அளவுக்குக் கீழே இறங்கினால், உள்ளிருக்கும் ஃபியூஸை எரித்து, விளக்கு தன்னை நிரந்தரமாகத் துண்டித்துக்கொள்கிறது. அதன்பின் மின்னோட்டம் அறவே நிற்பதால் பழைய ரிலே எப்போதும்போல் விழுகிறது. இழை அறுந்த பல்பு தானாகச் செய்ததை எல்இடி விளக்கு திட்டமிட்டுச் செய்கிறது எனலாம்.

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. மின்மயமான பாதைகள் பலவற்றில் தலைக்கு மேல் 25,000 வோல்ட் மாறுமின்னோட்டக் கம்பி செல்கிறது. அதற்கு இணையாக நெடுந்தூரம் கிடக்கும் சிக்னல் கேபிள்களில் அது மின்னழுத்தத்தைத் தூண்டிவிடும். அதனால் ஓடும் சில மில்லியாம்பியர் மின்னோட்டம் இழையைச் சற்றும் சூடாக்காது. எல்இடியையோ மங்கலாகவேனும் ஒளிரச் செய்துவிடும். அணைந்திருக்க வேண்டிய பச்சை மினுங்குவதை எந்தச் சிக்னல் பொறியாளரும் ஏற்கமாட்டார். ஆகவே குறிப்பிட்ட மின்னழுத்தத்துக்குக் கீழே விளக்கு முற்றிலும் இருண்டிருக்கும்படி ஒரு வாசல் அளவு வகுக்கப்படுகிறது. கணினி சார்ந்த இன்டர்லாக்கிங் (ஒன்றுக்கொன்று முரணான வழிகளை ஒரே நேரத்தில் திறக்கவிடாத கட்டுப்பாட்டு அமைப்பு) சிலவற்றில், அணைந்திருக்கும் பல்பின் இழை முழுதாக உள்ளதா என்று சோதிக்கச் சிறு மின்துடிப்புகளை அனுப்பும் வழக்கம் இருந்தது. இழை அவற்றுக்கு ஒளிராது, எல்இடி கண் சிமிட்டும் என்பதால், அச்சோதனையையும் திருத்தியமைக்க நேர்ந்தது.

முதுமையிலும் இரண்டும் வேறுபடுகின்றன. இழை பல்பு ஒரு நொடியில் அறும்; எல்இடியின் ஒளியோ ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே போகும். மின்னோட்டம் மாறாமலே ஒளி மட்டும் மங்கக்கூடும் என்பதால், மின்னோட்டத்தை மட்டும் அளக்கும் சுற்றினால் இதைக் கண்டுபிடிக்க முடியாது. அடைபட்ட பெட்டிக்குள் வெயிலின் சூடு சேரச்சேரத் தேய்வும் விரைவுபடும், சிவப்பு எல்இடியின் ஒளி அந்தச் சூட்டிலேயே தற்காலிகமாகவும் குறையும். புதிய விளக்கைத் தேவைக்கு அதிகமான ஒளியோடு தொடங்குவதும், எல்இடிகளைப் பல தனித்தனிச் சரங்களாகப் பிரித்து ஒரு சரம் செத்தாலும் மற்றவை எரியும்படி அமைப்பதும் அதனால்தான். ஓட்டுநருக்கு நெடுந்தூரத்திலிருந்து தெரிய வேண்டிய ஒளி குறைந்துவிட்டதா என்பதைக் கம்பத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கும் பராமரிப்பாளரின் கண்ணால் சொல்ல முடியாது. ஒளிமானியால் அளந்தோ, ஆயுள் கணக்கு முடிந்ததும் இன்னும் எரிந்துகொண்டிருக்கும்போதே கழற்றி மாற்றியோதான் அந்த ஐயத்தைத் தீர்க்க வேண்டியிருக்கிறது.