டிசைன் என்றால் அலங்காரமா?

பண்பாடு, டிசைன், உலக நடப்பு மூன்றையும் அழகாகச் சேர்த்துத் தரும் இதழ்களைப் பாராட்டும்போது, 'டிசைன்' என்பதை அலங்காரம் என்று பெயர்த்து, 'பக்க அலங்காரம் பிரமாதம்' என்று எழுதிவிடுகிறார்கள். திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. தவறு.

'டிசைன்' லத்தீன் 'தெசிக்னாரே'யிலிருந்து வந்தது. குறியிட்டு வரையறுப்பது என்பது பொருள். இத்தாலிய 'திசேன்யோ'வில் வரைபடம், திட்டம் இரண்டும் அடங்கும். தமிழில் வடிவமைப்பு. அவ்வளவுதான்.

அலங்காரம், முடிந்த ஒன்றின்மேல் சேர்ப்பது. எடுத்துவிட்டாலும் பொருள் அப்படியே நிற்கும். வடிவமைப்பை எடுத்தால் இதழே நிற்காது. 2007இல் லண்டனில் இதழாளர் டைலர் புரூலே தொடங்கிய 'மோனக்கிள்' இதழையே பாருங்கள். உலக நடப்பு (Affairs), வணிகம் (Business), பண்பாடு (Culture), வடிவமைப்பு (Design) என்று அதன் பிரிவுகள் A, B, C, D என ஆங்கில அகரவரிசையில் அமைக்கப்பட்டன. எதை எங்கே தேடுவது என்பது வாசகருக்கு உடனே பிடிபட்டது. இதில் அலங்காரம் எங்கே இருக்கிறது?

முதுகில் பசையிட்டுக் கட்டிய தடித்த இதழ் முழுதாக விரியாது. அதனால் உள்ளோரம் வெளியோரத்தைவிட அகலமாக இருக்க வேண்டும். இரண்டு பக்கங்களில் பரவும் படத்தில் முகம் நடுவில் வந்தால் மடிப்பு அதை விழுங்கிவிடும். இவற்றை முன்கூட்டிக் கணிப்பதுதான் வடிவமைப்பு.

தமிழ்ப் பக்கத்தில் இது இன்னும் கடுமை. ஆங்கிலத்தில் 10 புள்ளி (அச்செழுத்தை அளக்கும் 'பாயின்ட்') எழுத்துக்கு, ஒரு வரியின் அடியிலிருந்து அடுத்த வரியின் அடிவரை 12 புள்ளி வரியிடைவெளி போதும். நமக்கு மேலே இகர ஈகாரச் சுழிகள், கீழே உகர ஊகார வளைவுகள். 14, 15 புள்ளியாவது விட வேண்டும், இல்லையேல் வரிகள் இடிக்கும். 'பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' போன்ற சொல் ஒடுங்கிய பத்தியில் (column) வந்தால், இருபுறமும் சீராக்கும்போது பக்கத்துச் சொற்களிடையே பள்ளம் விழும். அங்கே பத்தியை அகலமாக்கலாம், அல்லது வலது ஓரத்தைச் சீராக்காமல் விடலாம். பூவும் கொடியும் வரைந்து அந்தப் பள்ளத்தை மூட முடியாது.

'அலங்காரம் வடசொல், அதனால் வேண்டாம்' என்பாரும் உண்டு. அவர்கள் 'அணியமைப்பு' என்கிறார்கள். சொல் தூய்மையானது, பிழை அதேதான். அணி என்றாலும் மேலே பூட்டுவதுதானே! எனக்குத் தூய்மையைவிடத் தெளிவு முக்கியம். 'வடிவாக்கம்' என்பதும் முழுதாகப் பொருந்தவில்லை. அதில் உருவாக்கும் வேலை தெரிகிறது, முன்பே தீர்மானித்தது தெரியவில்லை. 'அமைப்பு' என்ற சொல்லில் அது இருக்கிறது.

மொழிபெயர்ப்பவர்கள் கைக்கு வந்த முதல் சொல்லோடு நின்றுவிடுவதால்தான் இந்தக் குழப்பம். 'ஸ்டைலிஷ்' என்பதும் 'கவர்ச்சியான' ஆகிவிடுகிறது. கவர்ச்சி இழுப்பது, இந்த இதழ்களில் இருப்பது நேர்த்தி. 'நேர்த்தியான வடிவமைப்பு' என்று எழுதுங்கள். பக்கத்தை மட்டும் சொல்வதானால் 'பக்க அமைப்பு' போதும்.