கரையானின் ஈரக் கணக்கை எழுதிய மார்கரெட் காலின்ஸ்

மண்ணோடு தொடர்பு அறுந்தால் சில கரையான்கள் விரைவில் காய்ந்து சாகின்றன. வேறு சில, பரணில் கிடக்கும் உலர்ந்த பலகைக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கின்றன. இந்த வேறுபாட்டை அளப்பதில் ஆய்வு வாழ்வைத் தொடங்கியவர் மார்கரெட் காலின்ஸ் (1922–1996). முனைவர் பட்டம் பெற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் பூச்சியியலாளர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் கரையான் ஆய்வாளர் ஆல்ஃப்ரெட் எமர்சனின் மாணவி.

சோதனை பார்க்க எளிது. கரையான்களை எடைபோட்டு, ஈரம் உறிஞ்சும் உப்பு வைத்த மூடிய பாத்திரத்தில் விட்டு, அவ்வப்போது மறுபடி எடை பார்க்க வேண்டும். சிக்கல் கணக்கில்தான். ஈரம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பது ஒன்று. எவ்வளவு போனால் உயிர் போகிறது என்பது வேறு. இரண்டையும் கலந்தால் முடிவு பொய்த்துவிடும். சின்ன உடலுக்கு எடையை ஒப்பிட்டால் மேற்பரப்பு அதிகம்; அது சீக்கிரம் காயும். ஆகவே உடல் அளவையும் வெப்பநிலையையும் பார்க்காமல் இனத்தோடு இனத்தை ஒப்பிடக் கூடாது. சற்று முன் தோல் உரித்த கரையானும் சோதனைக்குச் சரிப்படாது, அதன் மேல்தோல் இன்னும் இறுகியிருக்காது.

காவல் காப்பது அந்த மேல்தோலின் மெல்லிய மெழுகுப் படலம். கரகரப்பான நுண்பொடி பட்டு அது கீறினால் ஈரம் மளமளவென்று வெளியேறும். உலர்ந்த பலகைக்குள் வாழும் உலர்மரக் கரையானுக்கு இன்னொரு வசதியும் உண்டு: கழிவிலிருந்து தண்ணீரைக் குடலின் கடைப்பகுதியே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் அதன் எச்சம் ஆறு பட்டையுள்ள வறண்ட மணிகளாக உதிர்கிறது.

புளோரிடா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் கற்பித்த காலத்தில், உயிரியலும் சமத்துவமும் பற்றி அவர் பேசவிருந்த கூட்டம் வெடிகுண்டு மிரட்டலால் நின்றது. 1956இல் அந்தப் பல்கலைக்கழகம் இருந்த டல்லஹாசி நகரின் கறுப்பின மக்கள் பேருந்துகளைப் புறக்கணித்தபோது, அவர்களைத் தம் காரில் வேலைக்கு ஏற்றிச் சென்றார். மனித இனங்களிடையே பிறவியிலேயே அறிவு ஏற்றத்தாழ்வு உண்டு என்ற வாதத்தையும் அவர் எதிர்க்காமல் விடவில்லை. அறிவியலும் மனித சமத்துவமும் குறித்து 1979இல் கருத்தரங்கு கூட்டி, அதன் கட்டுரைகளை 1981இல் நூலாகத் தொகுக்கவும் துணைநின்றார். பூச்சியியலாளர் டேவிட் நிக்கிலுடன் சேர்ந்து 1989இல் புதிய இனமாக அவர் விவரித்த நியோடெர்மஸ் லுய்க்ஸி, ஈரமான மரத்தில் வாழும் புளோரிடாவின் ஈரமரக் கரையான்.

இந்த ஈரக் கணக்கு வீட்டுக்கும் உதவும். சுவரில் மண்குழாய் தெரிந்தால் எதிரி தரையிலிருந்து வருகிறது. மண்ணுக்கு மருந்திடுவதில் பயன் உண்டு. பலகைக்கடியில் பட்டை மணிகள் மட்டும் குவிந்தால் அதே மருந்து வீண், மரத்தைத்தான் கவனிக்க வேண்டும். மெழுகை உறிஞ்சும் சிலிக்காப் பொடி உலர்ந்த இடத்தில் நன்றாக வேலை செய்யும். ஈரம் கசியும் சுவரோரம் தூவினால் பலன் குறையும். இழந்த தண்ணீரைக் கரையான் அங்கேயே ஈடுகட்டிவிடும்.