சர்க்யூட் ரைடர்: சுற்றுப் போதகர்

அமெரிக்கக் குடியேற்றம் மேற்கே நகர்ந்துகொண்டிருந்த காலத்தில், ஆலயமோ நிலையான குருவோ இல்லாத குடியிருப்புகளுக்குக் குதிரையில் முறைவைத்துச் சென்று ஊழியம் செய்த, மெதடிஸ்தம் என்னும் புரொட்டஸ்டன்ட் கிறிஸ்தவப் பிரிவின் போதகரே சர்க்யூட் ரைடர். இது மக்கள் வழங்கிய பெயர். திருச்சபைப் பதிவுகளில் அவர் ‘பயணப் போதகர்’.

‘சுற்றிச் செல்லுதல்’ என்னும் பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது சர்க்யூட். இங்கிலாந்தில் நீதிபதிகள் ஊர் ஊராகப் போய் வழக்கு விசாரித்த வட்டத்துக்கும் இதுவே பெயர். மெதடிஸ்த இயக்கத்தைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லி 1740-களில் அங்கே தம் சங்கங்களைச் சர்க்யூட்டுகளாகப் பிரித்தார். 1784 இறுதியில் அமெரிக்காவின் பால்டிமோரில் மெதடிஸ்த எபிஸ்கோப்பல் திருச்சபை அமைந்து, ஃபிரான்சிஸ் ஆஸ்பரி அதன் தலைமைக்கு வந்த பிறகு, இந்த ஏற்பாடு மலையும் காடும் தாண்டிப் பரவியது.

இச்சொல்லில் குதிரையைவிடச் சுற்றுக்கே கனம் அதிகம். போதகர் மனம்போன திசையில் போனவர் அல்லர். எந்தச் சுற்று யாருக்கு என்பதை ஆண்டு மாநாட்டில் பேராயர் வாசிப்பார், மறுப்புக்கு இடமில்லை. எல்லைப்புறத்தில் ஒரு சுற்று பல நூறு மைல் நீளும், முடிக்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மரக்குடிசை, நீதிமன்றக் கூடம், மரத்தடி எனப் பிரசங்க இடங்கள் முன்கூட்டியே குறிக்கப்பட்டவை. வாரநாளிலும் பிரசங்கம் உண்டு. பெரிய சுற்றுக்கு இருவரை அனுப்பினால், ஒருவருக்கு ஒருவர் பாதிச் சுற்று இடைவெளியில் போவார்கள். அப்போதுதான் ஓர் ஊர் நெடுநாள் காத்திராது. போதகர் இல்லாத வாரங்களில் சபையைக் காத்தவர் வகுப்புத் தலைவர். ஏறக்குறைய பன்னிரண்டு பேர் கொண்ட வகுப்பை அவர் வாரந்தோறும் கூட்டினார். அவர் தளர்ந்துவிட்டால், போதகர் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் அடுத்த வருகைக்குள் கூட்டம் கலைந்துவிடும். குருப்பட்டம் பெறாத இளம் போதகர் திருவிருந்து நடத்த இயலாது. அதற்குக் குருப்பட்டம் பெற்ற மூப்பர் வரும் காலாண்டுக் கூட்டம் வரை காத்திருக்க வேண்டும்.

ஆண்டுப் படி 1800 வரை 64 டாலர், பிறகு 80, 1816 முதல் 100. காணிக்கை சேராவிட்டால் அதுவும் முழுதாகக் கைக்கு வராது. குதிரை போதகரின் சொந்தச் செலவு. அது நொண்டினால் ஊர்களின் முறை வரிசையாகத் தவறும். அதனால்தான் குதிரையை மிதமாக ஓட்டவும், அதைத் தேய்த்து, தீனியிட்டு, படுக்கை அமைத்திருக்கிறார்களா என்று கண்ணாலேயே பார்க்கவும் வெஸ்லியின் விதி சொன்னது. சேணப்பையில் வேதாகமம், பாட்டுப் புத்தகம், திருச்சபையின் ஒழுங்குமுறை நூல், விற்பதற்குச் சில புத்தகங்கள். ஆற்று வெள்ளம், குளிர்க்காய்ச்சல், ஈர உடையோடு உறக்கம் ஆகியவற்றால் இளவயதிலேயே இறந்தவர்கள் பலர். மணம் முடித்தவர் இந்தப் படியில் குடும்பம் நடத்த முடியாமல் பெரும்பாலும் பயண ஊழியத்தை விட்டு ஓரிடத்தில் தங்கிவிட்டார். இவ்வளவுக்கும் நடுவே நிலைத்தவர்களை நினைத்தால் வியப்பும் மரியாதையும் சேர்ந்தே எழுகின்றன.

தமிழில் ‘நாடோடிப் போதகர்’ என்பது தவறு. நாடோடிக்கு நாள் குறித்த பாதை இல்லை. ‘ஊர்சுற்றும் போதகர்’ இழிவாகிவிடும். ‘சுற்றுப்பயணப் போதகர்’ என்றால் கூட்டம் நடத்திவிட்டுத் திரும்பாமல் போகும் விருந்தினர் நினைவுக்கு வருவார். இவரோ அந்தச் சபைகளின் பொறுப்பாளர். பல ஊர்ச் சபைகளை ஒரு குருவின் பொறுப்பில் வைக்கும் அமைப்புக்குத் திருநெல்வேலிப் பகுதியில் ‘சேகரம்’ என்னும் நல்ல சொல் புழங்குகிறது. ஆனால் அதில் பயணம் தெரிவதில்லை.

‘சுற்றுப் போதகர்’ பொருந்தும். காலத்தைச் சுட்ட வேண்டிய இடத்தில் ‘குதிரைச் சுற்றுப் போதகர்’ என்னலாம். சர்க்யூட் மட்டும் தனித்து வந்தால் ‘ஊழியச் சுற்று’ என்க. வெறும் ‘சுற்று’ நீதிமன்றச் சுற்றோடு குழம்பும். இல்லினாயில் வழக்கறிஞராக இருந்த ஆபிரகாம் லிங்கனும் நீதிமன்றச் சுற்றில் குதிரையில் போனவர்தான். 1846-இல் நாடாளுமன்றத் தேர்தலில் அவரிடம் தோற்ற பீட்டர் கார்ட்ரைட்டோ பேர்பெற்ற சுற்றுப் போதகர்.