பூஸ்ட்டை ஏற்றுவதா, டைமிங்கை முன்வைப்பதா? டர்போ எஞ்சின் டியூனிங்கின் கணக்கு

ஒரே மாதிரியான இரண்டு 2 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் பூஸ்ட்டை (வெளிக்காற்றுக்கு மேல் டர்போ ஏற்றும் அழுத்தத்தை) 1.5 பார் வரை ஏற்றி, நாக்கிங் (கலவை தானாகவே வெடிப்பது) வராமலிருக்க இக்னிஷன் டைமிங்கை (ஸ்பார்க் விழும் நேரத்தை) பின்னுக்குத் தள்ளியிருக்கிறார்கள். மற்றதில் பூஸ்ட் 1.2 பார்தான், ஆனால் டைமிங் முன்னால் இருக்கிறது. டைனோவில் (பவரை அளக்கும் மேடையில்) ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே பவரைக் காட்டக்கூடும். ரேஸ் டிராக்கில் நாலைந்து சுற்று ஓட்டியபின் பாருங்கள், முதல் கார் சோர்ந்துபோயிருக்கும்.

காரணம் சூடு. 25 டிகிரி செல்சியஸில் உள்ளே வரும் காற்றை டர்போ இரு மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோகிறது என்றால் (கடல் மட்டத்தில் ஏறத்தாழ 1 பார் பூஸ்ட்), கம்ப்ரசரின் செயல்திறன் 75 சதவீதமாக இருக்கும்போது வெளிவரும் காற்று சுமார் 112 டிகிரி. சின்ன டர்போவை அதன் எல்லைக்கு மேல் விரட்டி 2.5 மடங்கு அழுத்தம் கேட்டால், செயல்திறன் 60 சதவீதத்துக்குச் சரிந்து, காற்று 170 டிகிரியைத் தாண்டிவிடும். நல்ல இன்டர்கூலர் (டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விப்பது) இந்தக் கூடுதல் சூட்டில் 70 சதவீதத்தை எடுத்துவிடும் என்று வைத்தாலும், முதல் காற்று எஞ்சினுக்குள் 51 டிகிரியில் போகும், இரண்டாவது 70 டிகிரியில். இன்டர்கூலரும் ஓட ஓடச் சூடேறும் என்பதால் நடைமுறையில் இந்த இடைவெளி இன்னும் விரியும்.

சூடான காற்றின் அடர்த்தி குறைவு என்பது சின்னப் பிரச்சினை. பெரியது நாக்கிங். ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ சிலிண்டரின் ஓரத்தை எட்டுவதற்குள், அங்கே நசுங்கிக் கிடக்கும் கலவை தானாகவே வெடித்துவிடுவதுதான் அது. அந்த அதிர்ச்சியலை சிலிண்டருக்குள் முன்னும் பின்னும் மோதுகிறது. 86 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரில் அதன் ஒலி 6.5 கிலோஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். பிளாக்கில் திருகப்பட்ட நாக் சென்சார் இந்த அதிர்வெண்ணைத்தான் காது கொடுத்துக் கேட்கிறது. கேட்டதும் ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) அந்தச் சிலிண்டரின் டைமிங்கைச் சில டிகிரி பின்னிழுத்து, பிறகு மெல்ல மெல்லத் திருப்பிக் கொடுக்கும்.

டைமிங்கைப் பின்னிழுத்தால் என்ன ஆகும்? பிஸ்டன் மேல்முனையைக் கடந்து, கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) 12 முதல் 16 டிகிரி திரும்பிய நேரத்தில் சிலிண்டர் அழுத்தம் உச்சத்தைத் தொட்டால்தான் கிராங்குக்கு முழு இழுவை கிடைக்கும். ஸ்பார்க் தாமதித்தால் எரிதலும் தாமதிக்கும். கிராங்குக்குப் போக வேண்டிய ஆற்றல் எக்ஸாஸ்ட்டுக்குச் சூடாகப் போகும். பல பெட்ரோல் டர்போக்களுக்கு எக்ஸாஸ்ட் வாயு 950 டிகிரிதான் வரம்பு. உயர்தர உலோகத்தில் செய்தவை 1050 வரை தாங்கும். வரம்பை நெருங்கியதும் ஈசியூ கூடுதல் பெட்ரோலைக் கொட்டிக் குளிர்விக்கப் பார்க்கும்; லாம்ப்டா (காற்று-பெட்ரோல் கலவையின் அளவீடு; 1-க்குக் கீழே போகப் போகப் பெட்ரோல் அதிகம்) 0.85-லிருந்து 0.75 பக்கம் இறங்கும். ஆக, கூடுதலாக ஏற்றிய 0.3 பார் பூஸ்ட் கடைசியில் சூட்டுக்கும் புகைக்கும்தான் செலவாகிறது.

சாதாரண பெட்ரோலில், கம்பெனி டர்போவிலேயே ஓடும் காருக்கு மிதமான பூஸ்ட்டும் நல்ல டைமிங்கும்தான் சரியான வழி. அதற்காக உயர்ந்த பூஸ்ட்டே தப்பு என்றில்லை. மெர்சிடிஸ்-ஏஎம்ஜியின் எம்139 எஞ்சின் 2 லிட்டரிலிருந்து 310 கிலோவாட் எடுக்கிறது, பூஸ்ட் 2.1 பார். ஆனால் அதன் டர்போவின் அளவு, 9-க்கு 1 என்ற கம்ப்ரஷன் விகிதம், ஃபோர்ஜ் செய்த பிஸ்டன்கள் என எல்லாமே அந்த அழுத்தத்தை மனத்தில் வைத்துச் செய்தவை.

இனி, பூஸ்ட்டை எந்த ஆர்பிஎம்மில் கொடுப்பது என்ற கேள்வி. ஓட்டுபவருக்குப் பிடித்தது 2000 ஆர்பிஎம்மிலேயே முதுகில் குத்தித் தள்ளும் பிக்கப். மென்பொருளில் இதைச் செய்வதும் எளிது. எஞ்சினை உடைக்கவும் இதைவிட எளிய வழி இல்லை. 2200 ஆர்பிஎம்மில் 400 நியூட்டன் மீட்டர் டார்க் என்பது வெறும் 92 கிலோவாட். 6000 ஆர்பிஎம்மில் 340 நியூட்டன் மீட்டர் என்பது 214 கிலோவாட். கனெக்டிங் ராடை நசுக்குவது பவர் அல்ல, சிலிண்டர் அழுத்தம். அது டார்க்கோடு சேர்ந்து ஏறும். நேரடி இன்ஜெக்ஷன் (பெட்ரோலைச் சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கும்) எஞ்சின்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு: குறைந்த ஆர்பிஎம், அதிக பாரம் என்ற நிலையில் எஞ்சின் ஆயில் துளியோ கார்பன் துகளோ ஸ்பார்க்குக்கு முன்பே தீப்பிடித்துவிடும். டைமிங்கைப் பின்னிழுத்து இதைத் தடுக்க முடியாது, தீ வைத்தது ஸ்பார்க் இல்லையே. ஒரே ஒரு தடவை நடந்தாலும் பிஸ்டன் ரிங்குகளுக்கு இடையிலுள்ள மெல்லிய பகுதி உடையலாம். கால்சியம் டிட்டர்ஜென்ட் அதிகமுள்ள ஆயில் இதைக் கூட்டுகிறது; 2020-இல் வந்த ஏபிஐ எஸ்பி தர ஆயில்கள் இதற்கான சோதனையில் தேறியவை. 2500 ஆர்பிஎம் வரை டார்க்கைக் கட்டிப்போட்டு, 3000-க்கு மேல் ஏற்றி, உச்ச ஆர்பிஎம் வரை சீராகத் தாங்கும் மேப் (ஈசியூவிலுள்ள அளவு அட்டவணைகள்) ஓட்ட அவ்வளவு பரபரப்பாக இருக்காது. ஆனால் வேகமாகப் போவது அதுதான்.

காசு கொடுத்து மாட்டும் டியூனிங் பெட்டி இதையெல்லாம் பார்ப்பதில்லை. பிரஷர் சென்சாருக்கும் ஈசியூவுக்கும் நடுவே உட்கார்ந்து, அழுத்தத்தைக் குறைத்துப் பொய் சொல்லும், ஈசியூ ஏமாந்து வேஸ்ட்கேட்டை (டர்போவைச் சுழற்றாமல் எக்ஸாஸ்ட்டை வெளியே விடும் வால்வை) மூடும், பூஸ்ட் ஏறும். உண்மையில் எவ்வளவு காற்று போகிறது என்று ஈசியூவுக்குத் தெரியாததால், பெட்ரோலும் டைமிங்கும் குறைந்த பாரத்துக்கான கட்டங்களிலிருந்தே எடுக்கப்படுகின்றன. லாம்ப்டா சென்சார் பெட்ரோல் கணக்கை ஓரளவு திருத்தும். டைமிங்கைத் திருத்த நாக் சென்சார் மட்டுமே மிச்சம். முறையான ரீமேப்பில் (ஈசியூவின் மேப்பையே திருத்துவதில்) இன்றைய ஈசியூக்களின் தலைகீழ் தர்க்கத்தைப் பின்பற்ற வேண்டும்: ஆக்ஸிலரேட்டர் கேட்பது டார்க், டார்க்கிலிருந்து காற்றின் அளவு, அதிலிருந்து பூஸ்ட், அதிலிருந்து வேஸ்ட்கேட். கடைசிக் கட்டத்தை மட்டும் மாற்றி, மேலே டார்க் வரம்பை அப்படியே விட்டால், பூஸ்ட் ஏறும்போதே த்ராட்டில் (காற்று வழியைத் திறந்து மூடும் தட்டு) மூடிக்கொள்ளும்.

பெரிய டர்போ போட்டால் பெட்ரோல் வழங்கலையும் கணக்குப் போட வேண்டும். 220 கிலோவாட் இலக்கு, ஒரு கிலோவாட்டுக்கு மணிக்கு 335 கிராம் பெட்ரோல் என்று வைத்தால் மொத்தம் மணிக்கு 74 கிலோ. நாலு சிலிண்டருக்குப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் நிமிடத்துக்கு 415 மில்லிலிட்டர். இன்ஜெக்டர் 85 சதவீத நேரத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்பதால் 490 மில்லிலிட்டர் இன்ஜெக்டர் வேண்டும். இது பெட்ரோலைக் காற்று வரும் குழாயில் தெளிக்கும் போர்ட் இன்ஜெக்ஷனுக்கு. அங்கே 6500 ஆர்பிஎம்மில் ஒரு சுழற்சிக்கு 18 மில்லிசெகண்டு கிடைக்கும். நேரடி இன்ஜெக்ஷனில் பயன்படும் நேரம் 6 மில்லிசெகண்டை ஒட்டியதுதான், அதனால் அங்கே உயர் அழுத்த பம்ப்தான் முதலில் கை விரிக்கும்.

ஈ85 (85 சதவீதம் வரை எத்தனால் கலந்த) எரிபொருள் கிடைக்கும் இடத்தில் கணக்கே மாறுகிறது. எத்தனால் ஆவியாகும்போது பெட்ரோலைவிட இரு மடங்குக்கும் மேல் சூட்டை உறிஞ்சும், நாக்கிங்கையும் நன்கு தாங்கும். பின்னிழுத்த டைமிங்கை முழுதாகத் திருப்பி எடுக்கலாம். விலை, 30 முதல் 40 சதவீதம் கூடுதல் எரிபொருள். இதே வேலையைத் தண்ணீரும் செய்யும்: 1962-இல் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் காரில் டர்போவோடு தண்ணீர்-மெத்தனால் கலவையும் வந்தது; அரை நூற்றாண்டுக்குப் பின் பிஎம்டபிள்யூ எம்4 ஜிடிஎஸ் தண்ணீர் தெளிப்புடன் வந்தது. தண்ணீர் டேங்க் காலியானால் மேப் தானாக இறங்கிக்கொள்ள வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

எந்த வழியானாலும் தீர்ப்பு சொல்வது லாக், அதாவது ஓடும்போது எடுத்த சென்சார் அளவுகளின் பதிவு. மூன்றாவது அல்லது நாலாவது கியரில் 2000 ஆர்பிஎம்மிலிருந்து முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, பூஸ்ட் இலக்கும் நிஜமும், காற்றின் வெப்பம், ஒவ்வொரு சிலிண்டரின் டைமிங் இழப்பு, லாம்ப்டா, எரிபொருள் அழுத்தம் ஆகியவற்றைப் பதிய வேண்டும். எல்லாச் சிலிண்டரும் சேர்ந்து டைமிங்கை இழந்தால் எரிபொருளையோ சூட்டையோ சந்தேகியுங்கள். ஒன்று மட்டும் எப்போதும் இழந்தால் அதன் பிளக்கையும் இன்ஜெக்டரையும் கழற்றிப் பாருங்கள். பாடியில் உரசும் எக்ஸாஸ்ட் பைப்கூட நாக் சென்சாரை ஏமாற்றும். ஐயாயிரம் ஆர்பிஎம்முக்கு மேல் வண்டி விக்கினால் மேப்பைத் தொடாமல் பிளக் இடைவெளியை 0.8-லிருந்து 0.6 மில்லிமீட்டராக்கிப் பாருங்கள், பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும்.

லாக்கைச் சமவெளியில் மட்டும் எடுத்துவிட்டு மலையேறுபவர்களுக்கு ஒரு கணக்கு. கடல் மட்டத்தில் 1.2 பார் பூஸ்ட் என்றால் மொத்த அழுத்தம் 2.2 பார், டர்போவின் அழுத்த விகிதம் 2.2. ஈராயிரம் மீட்டர் உயரத்தில் வெளிக்காற்று 0.8 பார்தான், அதே 2.2 பாரைக் கேட்டால் விகிதம் 2.75. டர்போ அளவுக்கு மீறிச் சுழல வேண்டும். இதற்காகவே கம்பெனி மேப்பில் வெளி அழுத்தம் குறையக் குறைய பூஸ்ட் இலக்கை இறக்கும் ஓர் அட்டவணை இருக்கும். ரீமேப் செய்பவர் அதை அப்படியே வைத்திருக்கிறாரா என்று பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.