சிறை வாசலைத் தாண்டிய பிறகு: தவறாகத் தண்டிக்கப்பட்டவர் கவனிக்க வேண்டியவை

தண்டனை முடிந்தோ பரோலிலோ வெளியே வருபவருக்குப் பல நாடுகளில் ஒரு கண்காணிப்பு அதிகாரி, தங்குமிடம், வேலைப் பயிற்சி என்று ஏதாவது ஒன்று இருக்கும். தண்டனையே ரத்தாகி வருபவருக்குப் பெரும்பாலும் அதுவும் இல்லை. அவர் குற்றவாளியே அல்லவே, மறுவாழ்வுத் திட்டத்தில் எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று கேட்பார்கள். வாசலில் கேமராக்கள் மட்டும் தவறாமல் வந்து நிற்கும்.

முதல் வாரத்திலேயே "எங்கள் மேடையில் பேசுங்கள்" என்று அழைப்பு வரும். அதைத் தள்ளிப்போடுங்கள். முதலில் காகிதங்கள். விடுதலைத் தீர்ப்பின் சான்றிட்ட நகல்களைக் குறைந்தது பத்து வாங்கி வையுங்கள். வங்கி, அடையாள அட்டை, வேலை, வாடகை வீடு என்று எல்லா இடத்திலும் கேட்பார்கள். தீர்ப்பு வந்ததும் பழைய பதிவுகள் தாமாக அழிந்துவிடும் என்று நம்ப வேண்டாம். நீதிமன்றப் பதிவு வேறு, காவல்துறையின் கைது, விரல்ரேகைப் பதிவு வேறு, பின்னணி சரிபார்க்கும் தனியார் நிறுவனங்களின் தரவு வேறு. ஒன்றில் திருத்தினால் மற்றதற்குத் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் தனியாக எழுதி, ஒப்புகை வாங்கி, சில மாதம் கழித்து உங்கள் பதிவை நீங்களே கேட்டுப் பாருங்கள். இதை விட்டவர்களுக்கு வேலை உறுதியாகும் நேரத்தில்தான் பழைய கைது விவரம் முளைக்கும்.

பல், கண், இரத்த அழுத்தம், தூக்கம் ஆகியவற்றுக்கான பரிசோதனையும் இதே வாரங்களில் முடியட்டும்.

இழப்பீடு தனிக் காடு. சர்வதேசக் குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 14(6)ஆம் பிரிவு தவறான தண்டனைக்கு இழப்பீடு வேண்டும் என்கிறது. நடைமுறை நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் கூட்டாட்சிச் சட்டத்தின் கீழ் சிறையிலிருந்த ஆண்டுக்கு 50,000 டாலர் வரை, மரண தண்டனைக் கைதியாக இருந்த ஆண்டுக்கு 1,00,000 டாலர் வரை பெறலாம். மாநிலச் சட்டங்கள் வேறு. சிலவற்றில், குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்கு, அந்த ஒப்புதல் மிரட்டி வாங்கப்பட்டதாக இருந்தாலும், சிக்கல் வரும். இங்கிலாந்தில் 2014 முதல், குற்றம் செய்யவில்லை என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றி விண்ணப்பதாரரே காட்ட வேண்டும். சிறையில் உண்டு உறங்கிய செலவை இழப்பீட்டில் கழிக்கும் வழக்கம்கூட அங்கே 2023 வரை இருந்தது! இந்தியாவில் இதற்கெனத் தனிச் சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் தன் 277ஆவது அறிக்கையில் 2018இல் பரிந்துரைத்தது.

எங்கே இருந்தாலும் மனுவுக்கான கடைசி நாளை முதலில் கண்டுபிடியுங்கள். "இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்" என்ற வரியுள்ள தாளில் வேறொரு வழக்கறிஞர் பார்க்காமல் கையெழுத்து வேண்டாம். உங்கள் கதையின் உரிமையை நிரந்தரமாக எழுதி வாங்கும் படநிறுவன ஒப்பந்தத்துக்கும் இதே எச்சரிக்கை.

இதற்குப் பிறகு மேடை. கேட்பவர்கள் கண்ணீரோடு எழுந்து போவது எளிது. சட்டம் மாறுவதுதான் கடினம். உங்களை உள்ளே தள்ளிய அந்த ஒரு பிழை எது என்று கண்டு, அதையே பிடித்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் வட கரோலினாவில் ரொனால்ட் காட்டன் ஒரு பாலியல் வன்கொடுமை வழக்கில் 1985இல் தண்டிக்கப்பட்டார். பாதிக்கப்பட்ட ஜெனிஃபர் தாம்சன் முதலில் புகைப்படத்தில் அவரைக் காட்டினார், பிறகு அடையாள அணிவகுப்பில் காட்டினார். இரண்டிலும் இருந்தவர் காட்டன் ஒருவரே. புகைப்படத்தில் பார்த்த முகம் அணிவகுப்பில் பழகிய முகமாகிவிடும். "சரியான ஆளைத்தான் காட்டினீர்கள்" என்று போலீஸ் சொல்லிவிட்டால், அரைகுறைச் சந்தேகம் அன்றே உறுதியான சாட்சியமாக இறுகிவிடும். டி.என்.ஏ. சோதனை 1995இல் வேறொருவரைக் காட்டியது. அதன்பின் இருவரும் சேர்ந்தே பேசினார்கள், அவர்கள் கோரிய மாற்றமும் குறிப்பானது. அந்த மாநிலத்தின் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பாருங்கள்: சந்தேக நபர் யாரென்று தெரியாத அதிகாரியே அணிவகுப்பை நடத்த வேண்டும், ஒத்த தோற்றமுள்ள வேறு ஐவராவது இருக்க வேண்டும், குற்றவாளி இதில் இல்லாமலும் இருக்கலாம் என்று சாட்சியிடம் சொல்ல வேண்டும், எவ்வளவு உறுதி என்பதைச் சாட்சியின் சொற்களிலேயே அப்போதே பதிய வேண்டும். "நீதி வேண்டும்" என்ற பொதுக் கோரிக்கையை எந்தச் சட்டமன்றமும் சட்டப் பிரிவாக எழுத முடியாது, இதை எழுத முடியும்.

அமெரிக்காவில் மரண தண்டனை பெற்றபின் டி.என்.ஏ.வால் விடுபட்ட முதல் மனிதர் கிர்க் பிளட்ஸ்வொர்த், 1993இல். தண்டனைக்குப் பிந்தைய டி.என்.ஏ. சோதனைக்கு மாநிலங்களுக்கு நிதி தரும் 2004ஆம் ஆண்டுத் திட்டம் அவர் பெயரில்தான் இருக்கிறது. இங்கிலாந்தில் 1974 குண்டுவெடிப்புக்காகத் தவறாகத் தண்டிக்கப்பட்ட 'பர்மிங்காம் அறுவரில்' ஒருவரான பாடி ஹில் வேறு வழி எடுத்தார்: விடுதலையாவோருக்கு மனநல உதவியும் தேவை என்று 2001இல் தனி அமைப்பே தொடங்கினார்.

பேச்சுக்குக் கட்டணமும் பயணச் செலவும் கேளுங்கள். கூச்சம் வேண்டாம், அது உழைப்பு. பதில் சொல்லப் போவதில்லை என்ற கேள்விகளை ஏற்பாட்டாளரிடம் முன்பே எழுதிக் கொடுங்கள். மறுநாளைக் காலியாக வையுங்கள், உடல் அன்றுதான் கணக்குக் கேட்கும்.

பேசத் தொடங்கியதும் சிறையிலிருந்து கடிதங்கள் குவியும். "காப்பாற்றுகிறேன்" என்று எந்தக் கடிதத்திலும் எழுத வேண்டாம். "செய்யவே இல்லை" என்பவரையும் "தண்டனை அதிகம்" என்பவரையும் முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் வழி வேறு. வழக்கு எண், தீர்ப்பு நாள், வழக்கறிஞர் பெயர், என்னென்ன தடயப் பொருள்கள், இப்போது யார் வசம் என்று ஒரே பக்கப் படிவம் அனுப்பி நிரப்பி வாங்குங்கள். தடயம் இருப்பது தெரிந்தால், வேறு எதற்கும் முன்பு, அதை அழிக்கக் கூடாதென்று வழக்கறிஞர் வழியாக எழுத்துப்பூர்வக் கோரிக்கை போகட்டும். மேல்முறையீடு முடிந்த வழக்கின் பொருள்களை இடமில்லை என்று அப்புறப்படுத்துவது பல கிடங்குகளில் வழக்கம்; பிறகு எந்தச் சோதனைக்கும் எதுவும் மிஞ்சாது.