40 குழந்தைகள் உள்ள குடியிருப்புக்கு ஓர் அங்கன்வாடி: கேட்டுப் பெறுவது எப்படி?

ஊராட்சியில் அங்கன்வாடி இருந்தால் மட்டும் போதாது, அது பிள்ளைக்கு எட்ட வேண்டும். மையம் ஊருக்குள் இருக்கும். காலனியோ மலைக் குடியிருப்போ இரண்டு கிலோமீட்டர் தள்ளி, நடுவில் ஓடையோ நெடுஞ்சாலையோ குறுக்கிட்டுக் கிடக்கும். கூலிக்குப் போகும் தாயால் தினமும் கொண்டுபோய் விட முடியாது. அப்படிப்பட்ட இடங்களில்தான் கழிப்பறையும் நல்ல குடிநீரும் இல்லாமல் அடிக்கடி வயிற்றுப்போக்கு வருகிறது, சாப்பிட்டதும் உடம்பில் ஒட்டுவதில்லை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி 5 வயதுக்கு உட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நகரங்களில் 30.1 விழுக்காடு, கிராமங்களில் 37.3. மேகாலயாவில் 46.5, தமிழ்நாட்டில் 25.

மையமே இல்லாத குடியிருப்புக்கு வழி உண்டு. உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பர் 13 அன்று அளித்த தீர்ப்பின்படி, 6 வயதுக்கு உட்பட்ட 40 குழந்தைகளாவது இருந்து அங்கன்வாடி இல்லாத கிராமப்புற அல்லது குடிசைப்பகுதிக் குடியிருப்பு கேட்டால், 3 மாதத்துக்குள் மையம் திறக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை.

மனுவின் உயிர் பட்டியலில்தான் இருக்கிறது. குழந்தையின் பெயர், பிறந்த தேதி, தாயின் பெயர், கதவு எண் எல்லாம் வீடு வீடாக எழுதுங்கள். கைக்குழந்தையை விட்டுவிடுவதும், 6 வயது முடிந்த பிள்ளையைச் சேர்த்துவிடுவதும் அடிக்கடி நடக்கும் தவறுகள். சரிபார்க்க வரும்போது எண்ணிக்கை 40-க்குக் கீழே போனால் கோரிக்கை நின்றுவிடும். இப்போதுள்ள மையத்துக்கு எவ்வளவு தூரம், வழியில் என்ன தடை என்று ஒரு கைவரைபடம் இணையுங்கள். குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் கொடுத்து, தேதி போட்ட ஒப்புகை வாங்குங்கள். 3 மாதம் எண்ணுவதற்கு அந்தத் தேதிதான் ஆதாரம். பதில் இல்லையென்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் அதே நகலைக் கொடுங்கள்.

மையம் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013-ன்படி 6 மாதம் முதல் 3 வயது வரையான குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 கலோரியும் 12-15 கிராம் புரதமும் தரும் உணவு, வீட்டுக்கு எடுத்துச் செல்லும்படி கிடைக்க வேண்டும். தமிழ்நாட்டில் அது சத்துமாவு. பக்கத்து மையத்தில் பெயர் பதிந்து வாங்கலாம். சூளை வேலைக்கு இடம்பெயர்ந்து வந்தவர்களின் பதிவை, அங்கன்வாடிப் பயனாளிகளைப் பதியும் அரசின் போஷன் டிராக்கர் செயலியில் புது மையத்துக்கு மாற்ற முடியும். குழந்தைக்கு ஆதார் கட்டாயமில்லை, தாயின் ஆதார் போதும். மறுத்தால் போஷன் உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

உயரம் அளக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். 2 வயதுக்குக் கீழே படுக்கவைத்து, அதற்கு மேல் நிறுத்தி அளக்க வேண்டும். படுத்த அளவு சுமார் 0.7 செ.மீ. கூடுதலாக வரும், மாற்றி அளந்தால் கணக்கு தப்பும். அளக்க இருவர் வேண்டும்: ஒருவர் தலையைப் பிடிக்க, இன்னொருவர் முழங்காலை நீட்டிப் பிடிக்க. கொண்டையை அவிழ்த்துவிடுங்கள். சரியாக 2 வயது நிறையும்போது ஆண் குழந்தை நின்ற அளவில் 81 செ.மீ.க்கும், பெண் குழந்தை 79.3 செ.மீ.க்கும் குறைவாக இருந்தால் அதுதான் வளர்ச்சிக் குறைபாடு. அந்த எண்ணையும் மனுவில் பெயருக்கு எதிரே எழுதுங்கள்.